பவுன் காசில் ஒரு ‘ட்’ கூடுதல்

பள்ளிப்பட்டு கடைத்தெருவில் ஒரு பாட்டி, பேத்திக்குப் போட பழைய பவுன் காசுக்கு வளையம் பற்றவைக்கக் கொண்டுவந்திருந்தார். பத்தர் திருப்பிப் பார்த்துவிட்டு, “தொரை தலை, சுத்தம் இருபத்திரண்டு” என்றார். தலை ஐந்தாம் ஜார்ஜுடையது. இந்தப் பக்கம் தமிழில் துரை, தெலுங்கில் தொர. பெண் என்றால் தமிழில் துரைசானி, தெலுங்கில் தொரசானி. ‘பிரிட்டிஷ்’ என்பது பாடப்புத்தகத்துச் சொல்.

அதைவிட மிடுக்கான சொல் அந்தக் காசிலேயே இருந்தது. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்: தலையைச் சுற்றி லத்தீனில் ‘பிரிட்ட் ஓம்ன் ரெக்ஸ்’. ‘பிரித்தானியாக்கள் அனைத்துக்கும் மன்னன்’ என்பதன் சுருக்கம். ஒரு ‘ட்’ போதாதா? போதாது. பன்மையைச் சுருக்கும்போது கடைசி மெய்யை இரட்டிப்பது லத்தீன் வழக்கம். கடல் கடந்த குடியேற்ற நாடுகளையும் சேர்த்துக்கொள்ளவே ‘அனைத்துக்கும்’ என்ற சொல்லை 1902-இல் ஏழாம் எட்வர்டின் காசுகளில் சேர்த்தார்கள். சாம்ராஜ்யத்தின் ஆசை முழுவதும் ஒரு மெய்யெழுத்துக்குள்!

‘பிரித்தானியா’வும் அவர்கள் தாங்களாகச் சூட்டிக்கொண்ட பெயரா என்பது சந்தேகம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அங்கே போன பித்தியாஸ் என்ற கிரேக்க மாலுமி வழியாகத்தான் ‘பிரெத்தனிக்கே’ என்ற வடிவம் ஏட்டில் ஏறியது. ரோமானியர் வாயில் அது பிரித்தானியா ஆனது. வேல்ஸ் மொழியில் ‘பிரிட்’ என்றால் உருவம். அதை வைத்து, ‘உடம்பில் உருவம் எழுதிக்கொண்டவர்கள்’ என்று பொருள் சொல்கிறார்கள் அறிஞர் பலர். அந்தத் தீவினர் உடம்பில் நீலச் சாயம் பூசுவார்கள் என்று ஜூலியஸ் சீசரும் எழுதியிருக்கிறார். அப்படியானால் துரைமார் பச்சை குத்திய கூட்டம்! பாட்டியின் முன்கையைப் பார்த்தேன். அங்கேயும் மங்கிய பச்சையில் ஒரு கோலம்.

இலங்கைத் தமிழர் ‘பிரித்தானியா’ என்றுதான் அன்றாடம் எழுதுகிறார்கள். நமக்கோ அது 1892-இல் கல்கத்தாவில் பிறந்த பிஸ்கட்.

அந்தக் காசில் ‘இந்தியப் பேரரசர்’ என்பதற்கான சுருக்கமும் உண்டு. 1949 முதல் பிரிட்டிஷ் நாணயங்களில் அது இல்லை. 1954-இல் ‘பிரிட்ட் ஓம்ன்’ என்பதையும் எடுத்துவிட்டார்கள். பட்டம் மட்டுமல்ல, எல்லையும் மாறியது: ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த பள்ளிப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று நம் பக்கம் வந்தது.

சவரன் எட்டு கிராம் என்பது நம் கணக்கு. லண்டன் கணக்கில் காசு 7.98 கிராம்தான். பத்தரின் தராசு 7.95 காட்டியது, தேய்மானம்.

“எழுத்து மேல பத்து வைக்கலாமாம்மா?”

“எழுத்து போனா போகுது, தலை கவுந்து தொங்கக்கூடாது” என்றார் பாட்டி.