பள்ளிக்கு வந்த கணினி – 14: வகுப்பறையிலிருந்து எழுந்த தலைமை

சென்ற வாரம் மினசோட்டா மாநிலத்தைப் பார்த்தோம். பள்ளிக் கணினிக்கென்றே 1973-ல் அங்கே உருவான அரசுக் கூட்டமைப்பு, 1978-ல் அது ஆப்பிள் நிறுவனத்தோடு 500 கணினிகளுக்குப் போட்ட ஒப்பந்தம், ஆசிரியப் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச் தன் நண்பர்களோடு உருவாக்கிய ‘ஆரிகன் டிரெயில்’ விளையாட்டு மாநிலமெங்கும் பரவிய விதம் ஆகியவை சென்ற பகுதியின் செய்திகள். மினசோட்டாவில் ஆசிரியருக்குப் பக்கத்துணையாக அரசு நின்றது. அதே 1978-ல் கலிபோர்னிய ஆசிரியருக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இந்த வாரக் கதை.

முதலில் அன்றைய நிலவரம். 1977-ல், ஒரே ஆண்டுக்குள், ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 என்று மூன்று சிறு கணினிகள் கடைக்கு வந்தன. அதற்கு முன்பு, பள்ளிப் பிள்ளை கணினியைத் தொட வேண்டுமென்றால் டெலிடைப் ஒன்றின் முன்னால் உட்கார வேண்டும். எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய எந்திரத்தோடு அது தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசும். இப்போது எந்திரம் முழுவதுமே வகுப்பறை மேசைக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் கணக்கு ஆசிரியர்கள்தான் முதலில் கை நீட்டினார்கள். ஆனால் பாடம் நடத்தத் தோதான புரோகிராம் என்று கடையில் எதுவும் கிடையாது. பெட்டில் ஓடுவது ஆப்பிளில் ஓடாது. கேசட்டிலிருந்து ஒரு புரோகிராமை ஏற்றவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாதியில் தடைபட்டால் மறுபடி முதலிலிருந்து. சந்தேகம் கேட்கலாமென்றால் அந்தப் பள்ளியில் கணினி தெரிந்தவர் அந்த ஓர் ஆசிரியர் மட்டும்.

போதாக்குறைக்குப் பணமும் இல்லை. கலிபோர்னியப் பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி நடந்தவை. 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘புரொபசிஷன் 13’ அந்த வரிக்கு உச்சவரம்பு போட்டது. பள்ளி வருமானம் சரிந்தது. புதிதாக ஒன்றைத் தொடங்க அதைவிட மோசமான வேளை இருக்க முடியாது. அந்த ஆண்டில்தான் ‘க்யூ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணினி பயன்படுத்தும் ஆசிரியர்களின் சங்கம் பிறந்தது.

லீராய் ஃபிங்கல், சாண்டி வாக்னர், பாபி குட்சன் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். ஃபிங்கல், பேசிக் என்ற கணினி மொழியை வாசகர் தானே கற்றுக்கொள்ளும்படி நூல்கள் எழுதிய கூட்டணியில் ஒருவர். குட்சன் அம்மையார் குபர்டினோ பள்ளி நிர்வாகத்தில் ஆசிரியை. குபர்டினோ ஆப்பிளின் சொந்த ஊர்; ஆனாலும் அங்குள்ள பள்ளிகளில் எந்த வகுப்பில் கணினியைப் பற்றி எதைக் கற்பிக்கலாம் என்று மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடத்திட்டம் வகுத்தது ஆப்பிள் அல்ல. அவரும் அவரோடு இருந்த ஆசிரியர்களும்தான். இவர்கள் யாரும் கணினி விற்பவர்களோ அரசு அதிகாரிகளோ அல்லர். காலையில் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் கூடியவர்கள்.

அவர்கள் கூடிச் செய்தவற்றுள் மிகப் பெரிய காரியம் என்று நான் கருதுவது ‘சாஃப்ட்ஸ்வாப்’. சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, ரெட்வுட் சிட்டியில் உள்ள சான் மாட்டியோ கவுண்டி கல்வி அலுவலகத்தில் நூலகப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆன் லேத்ராப். ஃபிங்கலும் அதே அலுவலகத்தில் பணியாற்றினார். அங்கே ஒரு கணினி மையம் ஏற்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒரே கூடத்தில் இருக்கும். எந்த ஆசிரியரும் வந்து இயக்கிப் பார்க்கலாம், ஒப்பிடலாம். அந்த மையமும் க்யூ சங்கமும் சேர்ந்து நடத்திய பரிமாற்றம்தான் சாஃப்ட்ஸ்வாப்.

அதன் ஏற்பாடு எளிமையானது. ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்காக ஒரு புரோகிராம் எழுதுகிறார். பின்னங்களைக் கூட்டவோ, எழுத்துப் பிழை திருத்தவோ, மாநிலத் தலைநகரங்களை நினைவில் நிறுத்தவோ. அதைச் சங்கத்துக்குத் தருகிறார். வேறு ஆசிரியர்கள் அதை ஓட்டிப் பார்த்துப் பிழை நீக்கி, தொகுப்பில் சேர்க்கிறார்கள். தந்தவருக்குப் பதிலாகத் தொகுப்பிலிருந்து ஒரு ஃப்ளாப்பி கிடைக்கும். வெற்று ஃப்ளாப்பியோடு நேரில் வருபவர் இலவசமாக நகல் எடுத்துப் போகலாம். தொலைவில் இருப்பவர் சிறு தொகை அனுப்பினால் அஞ்சலில் வரும். வாங்கியவர் அடுத்த ஆசிரியருக்கு நகல் கொடுக்கலாம். விற்க மட்டும் கூடாது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டிப் பார்த்துத் திருத்தும் கட்டத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். புரோகிராம் ஓடுகிறதா என்று பார்ப்பது பொறியாளர் வேலை. பிள்ளை ‘7’ என்ற எண்ணுக்குப் பதிலாக ‘ஏழு’ என்று எழுத்தில் தட்டினால் என்ன ஆகும், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குத் திரையில் எழுத்து போதுமான நேரம் நிற்குமா, தவறான விடைக்கு வரும் படமும் சத்தமும் சரியான விடைக்கு வருவதைவிட வேடிக்கையாக இருந்து பிள்ளை வேண்டுமென்றே தப்பாகத் தட்டுமா என்று பார்ப்பது ஆசிரியர் வேலை. கடைசியாகச் சொன்ன குறை அன்றைய பயிற்சிப் புரோகிராம்களில் அடிக்கடி கண்டது. வகுப்பில் நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவருக்கே அது கண்ணில் படும். ஆசிரியர்கள் ஒருவர் வேலையை ஒருவர் சீர்தூக்கிப் பார்க்கும் பழக்கத்தை சாஃப்ட்ஸ்வாப் வளர்த்தது. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். பதவிப் பெயர்களும் மேடை நாற்காலிகளும் பிறகு வருபவை.

இந்தப் பழக்கத்தின் அருமை 1983-ல் தெரிந்தது. அமெரிக்காவின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு கணினி இலவசமாகத் தர ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார்; அதற்கு ஈடாக வரிச்சலுகை கேட்டார். அதற்கான மசோதா நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியும் மேலவையில் நின்றுபோனது. கலிபோர்னியா மட்டும் தன் அளவில் வரிச்சலுகைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அம்மாநிலத்தின் ஏறத்தாழ 9,000 பள்ளிகளுக்குத் தலா ஒன்றாக ஆப்பிள் 2இ போய்ச் சேர்ந்தது. ‘பிள்ளைகளால் காத்திருக்க முடியாது’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர்.

ஒரு பள்ளிக்கு ஒரு கணினி. நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அதை நூலகத்தில் வைப்பதா, வகுப்புக்கு வகுப்பு தள்ளுவண்டியில் கொண்டுபோவதா? யார் முதலில் தொடுவது, கணக்கில் கெட்டிக்காரப் பையனா, பின்தங்கிய பிள்ளையா? பெண் பிள்ளைகளுக்கு முறை வருமா? பெட்டியோடு வந்த கையேட்டில் இதற்கெல்லாம் விடை கிடையாது. ஐந்து ஆண்டுகளாகக் கூடிப் பேசிவந்த ஆசிரியர்கள் அந்த மாநிலத்தில் இருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் என்ன செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கூட்டம் இருந்தது. நன்கொடை எந்திரத்தைப் பள்ளி வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து பாடத்துக்குள் கொண்டுபோக அனுபவப்பட்ட சக ஆசிரியர் வேண்டும்.

கலிபோர்னியாவுக்கு வடக்கே, ஆரிகன் மாநிலத்தில், இதே தேவை இன்னொரு வடிவம் எடுத்தது. யூஜீன் நகரில் உள்ள ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் டேவிட் மூர்சண்ட், அங்கே கணினி அறிவியல் துறையின் முதல் தலைவராகவும் இருந்தவர். 1974-ல் ஆரிகன் ஆசிரியர்களுக்காக ஒரு சிறு இதழைத் தொடங்கி, தானே ஆசிரியராக இருந்து நடத்தினார். வகுப்பில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஆசிரியர்களே எழுதும் இதழ் அது. வாசகர்கள் மாநில எல்லையைத் தாண்டியதும், 1979-ல் கல்வியில் கணினிகளுக்கான பன்னாட்டுக் குழு என்ற அமைப்பு உருவானது. 1989-ல் அது இன்னொரு சங்கத்தோடு இணைந்து, கல்வித் தொழில்நுட்பத்துக்கான பன்னாட்டுச் சங்கமாக, சுருக்கமாக ‘இஸ்டி’யாக, மாறியது. இன்று இந்தத் துறையில் உலகறிந்த பெயர் அது.

அந்தக் குழு 1983-ல் எடுத்த ஒரு நிலைப்பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிகளில் அப்போது ஒரு தர்மசங்கடம். ஒரு புரோகிராமின் ஒரே ஒரு ஃப்ளாப்பி. அறையில் பத்துக் கணினிகள். பத்துக்கும் பத்து வாங்கப் பணமில்லை. நகல் எடுத்தால் பதிப்புரிமைச் சட்ட மீறல். நிறுவனங்களோ நகல் எடுக்கவே முடியாதபடி பூட்டுப் போட்டு விற்றன. ஃப்ளாப்பி பழுதானால் பாடம் நின்றது. ஆசிரியர் சங்கம் தன் ஆட்களுக்குப் பரிந்து பேசியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அனுமதியில்லாமல் நகல் எடுக்கக் கூடாது, பள்ளி நிர்வாகங்கள் அதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் அந்த நேர்மையைக் கற்பிக்க வேண்டும் என்று முதலில் ஆசிரியர்களிடம் சொன்னது. அடுத்து நிறுவனங்களைப் பார்த்து, பல பிரதிகள் வாங்கும் பள்ளிக்கு விலை குறையுங்கள், பழுதானால் பயன்படுத்த மாற்றுப் பிரதி கொடுங்கள், வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க விடுங்கள் என்று கேட்டது. முதலில் தன் பக்கத்துக் கடமையைச் சொன்னதால், எதிர்ப்பக்கத்தைக் கேட்கும் தகுதி அதற்கு வந்தது. தொழில்முறைச் சங்கம் ஒன்று எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பின்னாளில் இஸ்டி வகுத்த தரநிலைகளை வரிசையாக வைத்துப் படித்தால், ஆசிரியர்களின் எண்ணம் எப்படி முதிர்ந்தது என்று தெரியும். மாணவர்களுக்கான முதல் தரநிலைகள் 1998-ல் வந்தன. ஆறு பிரிவுகள், முதலாவது, கணினியை இயக்கும் அடிப்படைத் திறன். 2007-ல் திருத்தினார்கள். அப்போதும் ஆறு பிரிவுகள்தான். ஆனால் படைப்பாற்றல் முதலிடத்துக்கு வந்தது. எந்திரத்தை இயக்கும் திறன் ஆறாவது இடத்துக்கு, கடைசிக்கு, இறங்கியது. 2016-ல் மூன்றாம் முறை எழுதியபோது ஏழு பிரிவுகள். எந்திரத்தை இயக்குவதற்கென்று தனிப் பிரிவே இல்லை. தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்பவர், அறிவைத் தேடிக் கட்டமைப்பவர், புதிதாக வடிவமைப்பவர் என்று ஏழுமே மாணவரின் குணங்கள். பதினெட்டு ஆண்டுகளில் எந்திரம் பின்னால் போய், பிள்ளை முன்னால் வந்துவிட்டது. எந்திரம் விற்பவர்கள் மட்டும் இந்த ஆவணத்தை எழுதியிருந்தால் இந்தத் திசையில் போயிருக்குமா?

அடுத்த ஆண்டு, 2017-ல், ஆசிரியர்களுக்கான தரநிலைகளைப் புதுப்பித்தார்கள். அதிலும் ஏழு பாத்திரங்கள். முதலாவது, கற்பவர். இரண்டாவது, தலைவர். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளித் தொழில்நுட்பத்தில் தலைமை ஏற்பவர் எல்லாம் தெரிந்தவராக இருக்க முடியாது. ஃப்ளாப்பியைக் கரைத்துக் குடித்தவருக்கு இணையம் வந்தபோது எல்லாமே புதிது. இணையத்தில் தேர்ந்தவருக்குச் செயற்கை நுண்ணறிவு புதிது. மாணவரைப் போலவே தானும் ஓயாமல் கற்பவர்தான் இங்கே முன்னால் நடக்க முடியும்.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. இஸ்டியின் ஆண்டு மாநாட்டில் இன்று பல்லாயிரம் பேர் திரள்கிறார்கள். கண்காட்சி அரங்கில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் கடை விரிக்கின்றன. 2023-ல், பாடத்திட்ட வல்லுநர்களுக்காக 1943-ல் தொடங்கப்பட்ட இன்னொரு பெரிய அமைப்போடு அது ஒன்றாகிவிட்டது. பெரிய சங்கத்துக்கு முழுநேர நிர்வாகிகள் வேண்டும், அலுவலகம் வேண்டும், சந்தா மட்டும் போதாமல் நிறுவனங்களின் ஆதரவும் வேண்டும். இவை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொருளை விற்பவரின் காசில் மாநாடு நடக்கும்போது, அந்தப் பொருள் வகுப்புக்கு உதவவில்லை என்று அதே மாநாட்டு மேடையில் ஓர் ஆசிரியர் சொல்ல முடிகிறதா என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற வரைக்கும் அது ஆசிரியர்களின் சங்கம்.

இதற்கான காப்பு தொடக்க காலத்து ஆசிரியர்களின் நடைமுறையிலேயே இருக்கிறது. வகுப்பெடுப்பவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். அவர்களை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். க்யூவின் நிர்வாகக் குழுவினர் ஊதியமில்லாமல் பணியாற்றுகிறார்கள். கலிபோர்னியாவின் பல பகுதிகளில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. தலைமையிடம் தொலைவில் இருந்தாலும் பேசிக்கொள்ளும் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது. ஃபிங்கல் 1993-ல் மறைந்தார். அவர் பெயரால் அந்தச் சங்கம் வழங்கும் நல்கை, பாடத்திட்டம் உருவாக்கும் ஆசிரியருக்குப் போகிறது. யாரை மதிக்கிறோம் என்பதை அந்தச் சங்கம் அப்படித்தான் சொல்கிறது.

இப்போது வகுப்பறை வாசலில் செயற்கை நுண்ணறிவு வந்து நிற்கிறது. கட்டுரை எழுதித் தரும், வினாத்தாள் தயாரித்துத் தரும், விடைத்தாளும் திருத்தித் தரும் என்கிறார்கள். 1977-ல் மேசைக்கு வந்த கணினியைப் போலவே இதற்கும் பாடம் நடத்தத் தெரியாது. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு, எந்தப் பிள்ளைக்கு எப்போது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நிறுவனங்களிடம் விட்டால் விற்பனைக்கு ஏற்றதாக இருக்கும். அரசாணையிடம் விட்டால் எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவாக இருக்கும். தன் வகுப்பில் செய்து பார்த்து, சக ஆசிரியரிடம் காட்டி, குறை கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஆசிரியர்களிடம் விட்டால்தான் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கும். அதற்கு அவர்கள் தனித்தனியாக இருந்தால் போதாது. கூட வேண்டும், தங்களுக்குள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணமில்லாத ஓராண்டில், பதவி கேட்காத சில ஆசிரியர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அரசு ஆணையிடும் வரைக்கும், நிறுவனம் பயிற்சி தரும் வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் எந்த ஊர் ஆசிரியருக்கும் இல்லை.

(அடுத்த வாரம்: 1984-ல் இந்தியப் பள்ளிகளில் ‘கிளாஸ்’ திட்டம் – பிபிசி மைக்ரோ கணினிகள் கடல் கடந்து வந்த கதை)