பட்டின சபைகள் கரைந்த கதை

மூதூரிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி ஈச்சிலம்பற்றுப் பக்கமாக வெருகல் ஆற்றைக் கடக்கிறது. அந்த நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. ஆனால் வீடுகளை நோக்கிப் பிரியும் கிரவல் ஒழுங்கையில் குழி விழுந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், சனம் போய் நிற்பது வெருகல் பிரதேச சபை வாசலில்தான்.

கடைத்தெருவுக்கும் வயற்கரைக்கும் சேர்த்து ஒரே சபை என்பது இலங்கையில் அண்மைக்கால ஏற்பாடு. முன்பு இரண்டும் வேறாகவே வளர்ந்தன. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான கிராமக் குழுக்கள் (பின்னாளில் கிராம சபைகள்) கிணறு, பாதை, வேலி போன்ற ஊர்க் காரியங்களைப் பார்த்தன. சிறுபட்டினங்களைத் தனியே பிரித்தது சாக்கடை. வீடுகள் நெருங்கும் இடத்தில் கழிவு கிணற்றுக்குள் கசியும்; ஒரு வீட்டு வயிற்றோட்டம் தெரு முழுவதையும் பிடிக்கும். அதனால் 1892இல் சிறுபட்டினங்களுக்கெனச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் இயங்கிய சுகாதாரச் சபைகளின் இடத்தை 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டின சபைகள் பிடித்தன. பட்டினத்தின் எல்லைக்கோடு நோய்க்குப் பயந்து போடப்பட்ட கோடு என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1981இல் அந்தக் கோடு அழிந்தது. 83 பட்டின சபைகளும் எல்லாக் கிராம சபைகளும் கலைக்கப்பட்டு, 24 மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. தன் ஒழுங்கையைத் திருத்தக் கேட்பவர் மாவட்டத் தலைநகரை எட்டிப் பார்க்க வேண்டியிருந்த அந்த அமைப்பு நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, 1988 ஜனவரி 1 முதல் பிரதேச சபைகள் பிறந்தன. ஆனால் பழைய பட்டின சபைகள் தனித்தனியே மீளவில்லை. சுற்றியிருந்த கிராமங்களோடு ஒரே சபைக்குள் போயின. சென்னையில் இணைப்பு நகரத்தின் பக்கமிருந்து நடந்தது: 2011இல் மாநகராட்சி 9 நகராட்சிகளையும் 8 பேரூராட்சிகளையும் 25 ஊராட்சிகளையும் தன்னோடு சேர்த்து, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது.

இலங்கையிலோ சபை ஒன்றானாலும் வரி ஒன்றாகவில்லை. வீடு, கடைகள் மீதான சோலைவரியைக் கட்டடங்கள் நெருங்கி வளர்ந்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே பிரதேச சபை அறவிடலாம். சட்டம் அழித்த பட்டின எல்லைக்கோட்டை வரிப்புத்தகம் திரும்ப வரைகிறது. கடைத்தெரு நீண்ட சபைக்குக் கையில் காசு புரளும். வயலும் காடும் களப்புமாக விரிந்த சபைக்கோ கிரவல் போடவேண்டிய ஒழுங்கைகள் அதிகம், வரி கட்டும் சுவர்கள் குறைவு. அங்கே மாகாண சபை வழியாக வரும் மானியத்தைப் பார்த்தே வேலைத்திட்டம் எழுதப்படுகிறது. இணைப்பின் பாதி வேலை இன்னும் செய்யப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன்: பட்டினத்து வருமானத்தில் ஒரு பங்கு தன் சபை எல்லை தாண்டி வெருகல் போன்ற இடங்களுக்கும் வரவேண்டும்.