ஒத்தச் சீவனுக்கு உலை வைக்கிறதா?

"சாப்பிட்டீகளா அப்பத்தா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆச்சு ஆத்தா" என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்று கேட்பேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சிவகங்கைப் பக்கம் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து வருகிறேன். ஒரே மாத்திரைதான் கொடுக்கிறேன். ஒருவருக்குச் சர்க்கரை கட்டுப்படுகிறது, இன்னொருவரைப் படாதபாடு படுத்துகிறது. யாரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதிக் காரணம் புரிந்துவிடும்.

தனியாக இருக்கும் ஒரு அப்பத்தா காலையில் ஒரு தடவை வடிப்பார். மதியமும் அதே சோறுதான். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகிவிடும். ராத்திரிக்கு டீயும் ரெண்டு பொறையும். "ஒத்தச் சீவனுக்கு என்னத்த ஆத்தா அடுப்பப் பத்த வைக்கிறது?" என்பார். பழைய சோறு நல்ல சாப்பாடுதான். ஆனால் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வெங்காயமும் மட்டும் என்றால் புரதத்துக்கு எங்கே போவது? ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது. புரதம் குறைந்தால் வயதான காலத்தில் தசை சீக்கிரம் கரையும். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே கதவைப் பிடிப்பார், ஒருநாள் வழுக்கி விழுவார். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பையும் இந்த அப்பத்தா பேரனுக்கென்று மகள் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். மீன் வாங்குவதை, தாத்தா இறந்ததோடு நிறுத்திவிட்டார். அவருக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை வருஷம் மீன் குழம்பு வைத்தாராம்.

ராத்திரி சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பயம். சில சர்க்கரை மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். பக்கத்தில் ஆள் இருந்தால் நினைவு தப்பும் முன்பே ஒரு வாய் சீனித் தண்ணீர் கொடுப்பார்கள். தனியாக இருப்பவருக்கு யார் கொடுப்பது?

மகன் வீட்டில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே சோறு இருக்கும், ஆனால் எல்லோரும் உண்டபிறகு பெரியவர்கள் கடைசியில்தான் தட்டெடுப்பார்கள். பல் இல்லாத வாய்க்குக் குழைய வடிக்கச் சொல்ல மனசு வராது. ராத்திரி கழிவறைக்குப் போனால் மருமகள் தூக்கம் கெடுமென்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காதவர்களைப் பார்க்கிறேன். மலச்சிக்கலுக்கும் நீர்க்கடுப்புக்கும் அது போதும். மாதம் ஒரு மகன் வீடென்று முறை வைத்து மாறுபவர்களுக்கு மாத்திரை அட்டை ஒரு வீட்டில், அவர்கள் இன்னொரு வீட்டில்.

நான் பார்த்ததில் நன்றாக இருப்பவர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவர். இருவருக்குமே கணவர் இல்லை. ஒரு வீட்டில் சோறு, மறு வீட்டில் குழம்பு, ஒரே திண்ணையில் சாப்பாடு. கீரை ஆய்வதற்குக்கூட ஒரு பேச்சுத்துணை இருக்கிறது. இருவருக்கும் எடை குறையவில்லை.

முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டென்று 1983-லேயே அரசு திட்டத்தை விரித்தது. போகச் சொன்னால், "பச்சப்பிள்ளைக சோத்துல நான் பங்குக்குப் போறதா?" என்கிறார்கள். அது உங்களுக்கென்றும் சேர்த்து வைத்த சோறுதான் அப்பத்தா, கூச்சப்படாமல் வாங்க என்று ஊர்க்காரர்கள் நான்கு பேர் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.