கழுவிய தூரிகையும் கணினி ஓவியமும்

கணினி கணக்குப் போடும் கருவி மட்டுமன்று. ஓவியம் தீட்டும் கருவியும் ஆகும். வட்டம் வரை என்றால் வரையும். சிவப்புப் பூசு என்றால் பூசும். ஆனால் ஒருமுறை சொன்னதை, மாற்றிச் சொல்லும்வரை அது மறப்பதில்லை. இந்தக் குணத்தை அறியாமல் நான் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரிச் செய்முறைத் தேர்வில், மூன்று மணி காட்டும் கடிகாரம் ஒன்றை வரையும்படி எனக்குக் கேள்வி வந்தது. கேன்வாஸ் என்னும் வரைதளத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் வரையத் தொடங்கினேன். 2004ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அறிமுகம் செய்த இத்தளம், இன்று நாம் பயன்படுத்தும் இணைய உலாவிகளில் எல்லாம் உள்ளது.

ஆதிப்புள்ளியைக் கடிகாரத்தின் நடுவுக்கு நகர்த்தினேன். தளத்தை 90 பாகை திருப்பி, தடித்த சிவப்புக் கோட்டால் மணி முள்ளை வரைந்தேன். நிமிட முள் 12இல் நிற்க வேண்டியது; ஆகவே திருப்பாமல் நேரே மேல்நோக்கி ஒரு கோடு வரைந்தேன். அதுவும் 3இல் போய் விழுந்தது! நிறமும் சிவப்பு, தடிமனும் அதே. கடிகாரத்தின் கீழே எழுத நினைத்த என் பெயர், இடப்புறத்தில் செங்குத்தாகத் தொங்கியது. மதிப்பெண் போயிற்று.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சுவரிலும் பலகையிலும் கடைப்பெயர் எழுதுபவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஃபிளெக்ஸ் பலகைகள் வந்தபின் அவருக்கு வேலை குறைந்துவிட்டது. என் பாடம் அவருக்கு விளங்காது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். அன்று என் முகவாட்டத்தைக் கண்டு அவர் விடாமல் கேட்கவே, நடந்ததைச் சொன்னேன்.

"சிவப்பு எழுதின பிரஷ்ஷைக் கழுவாம அடுத்த எழுத்தை எழுதினா வேற என்னம்மா ஆகும்?" என்றார்.

பிழை அதுவேதான்! நிறம், கோட்டின் தடிமன், எழுத்துரு, தளத்தின் நகர்வு, திருப்பம் ஆகியவை எல்லாம் சேர்ந்ததே 'வரைநிலை'. நாம் மாற்றினால் ஒழிய அது மாறாது. அப்பாவின் தூரிகையில் ஒட்டிய சிவப்பு கண்ணுக்குத் தெரியும். கணினியின் வரைநிலையோ தெரியாது. ஆதலால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இதற்கென்றே 'சேவ்', 'ரிஸ்டோர்' என இரு கட்டளைகள் உள்ளன. முதலாவது, அப்போதைய வரைநிலையை ஓர் அடுக்கில் வைக்கும். இரண்டாவது, கடைசியாக வைத்ததை எடுத்து மீட்டுத் தரும். விடுதியில் அடுக்கிய தட்டுகளில் மேல் தட்டு முதலில் வருவது போலத்தான் இதுவும். 1984இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுப்பக்க மொழியிலேயே 'ஜிசேவ்', 'ஜிரிஸ்டோர்' என்று இதே முறை இருந்தது.

எதிர்த்திசையில் 90 பாகை திருப்பினால் போதாதா எனலாம். நம் நிரலில் அது நடக்கும். ஆனால் பிறர் அழைக்கும் செயற்கூறு ஒன்றை நாம் எழுதினால், முன்பு இருந்த நிறம் எது என்று நமக்கு எப்படித் தெரியும்? அது தெரியாமலே, எடுத்ததை எடுத்தபடி திருப்பித் தர வைப்பதுதான் இம்முறையின் சிறப்பு.

மூன்று செய்திகளை நினைவில் கொள்க. ரிஸ்டோர், வரைந்த படத்தை அழிக்காது; தூரிகையைக் கழுவினால் சுவரிலுள்ள எழுத்து அழியுமா? பாதி வரைந்த பாதையைக் கேன்வாஸின் சேவ் காப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முள்ளுக்கும் புதுப் பாதை தொடங்க வேண்டும். ரிஸ்டோரை மறந்தால் பழைய நிலைகள் அடுக்கில் தேங்கிக்கொண்டே போகும். எனவே சேவ் எழுதும்போதே ரிஸ்டோரையும் எழுதிவிட்டு, இடையில் உள்ளதைப் பிறகு நிரப்புங்கள்.

மறுநாள் நிரலைத் திருத்தினேன். நிமிட முள் மெல்லிய கருப்புக் கோடாக 12இல் நின்றது. கைப்பேசியில் அப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடிகாரத்தை விட்டு அதன் அடியில் இருந்த என் பெயரையே பார்த்தார்.

"இப்போ எழுத்து நேரா நிக்குது" என்றார்.