நாலு பேர்... ஒரே கையெழுத்து!

சென்னையில் பேச்சிலருக்குப் பெண் கிடைத்தாலும் கிடைக்கும், வீடு கிடைக்காது. திருவல்லிக்கேணி மான்ஷனில் மூட்டைப்பூச்சிக்கு ரத்த தானம் செய்து அலுத்துப்போய், நாலு பேராகச் சேர்ந்து எங்காவது ஒரு மாடி போர்ஷனைப் பிடிப்பார்கள் நம் ஆபீஸ் பையன்கள். பிடித்த பிறகுதான் கூத்தே!

அக்ரிமென்ட் யார் பேரில்? நாலு பேரில் நெற்றியில் விபூதியும் நல்ல கம்பெனி ஐ.டி. கார்டும் உள்ளவன் பேரில். மற்ற மூணு பேர் ‘கூட இருக்கிற பசங்க’. அட்வான்ஸை மட்டும் சரிசமமாகப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஆறு மாசத்தில் விபூதிக்காரனுக்கு பெங்களூருக்கு மாற்றல் வரும். மொத்த அட்வான்ஸும் அவன் கைக்குத்தான் திரும்பும். “நாங்களும் கொடுத்தோமே சார்?” என்றால், “நீங்கள்லாம் யாருப்பா?” என்பார் ஓனர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேப்பரில்தான் நீங்கள் இல்லையே!

இன்னொரு வம்பும் உண்டு. ஒருத்தன் காலி செய்ததும் அவன் கட்டிலில் ஊரிலிருந்து யாராவது ஒரு அத்தை பையன் வந்து படுத்துவிடுவான். ஓனரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. அதைக் காரணம் காட்டியே வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவர் வழக்குப் போடலாம். அத்தை பையனால் நாலு பேரும் தெருவுக்கு வரலாம்.

நங்கநல்லூரில் மாடியை நாலு பசங்களுக்கு விட்டிருக்கும் ரிட்டயர்டு ஆசாமி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “பதினோரு மாச அக்ரிமென்ட்தானே சார், ரிஜிஸ்டர் எல்லாம் எதுக்குங்கறேன்?” என்றார்.

இது பழைய கதை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதில் நம்மவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் பதினோரு மாசம். தமிழ்நாட்டில் 2017-ல் கொண்டுவந்து, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டத்தில் அந்த வழிக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். எத்தனை மாசமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளைக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது.

அட்வான்ஸ் மூன்று மாச வாடகைதான் என்கிறது அதே சட்டம். உடனே விசில் அடிக்காதீர்கள். ‘வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர’ என்று அதற்கு ஒரு வாலும் இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை இரண்டு தடவை படியுங்கள். காலி செய்த ஒரு மாசத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதியை ஓனர் திருப்பித் தர வேண்டும். ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் வீடு முழுக்கப் பெயின்ட் காசு கேட்பது நியாயமான பிடித்தத்தில் வருமா என்பதை ஓனர்களின் மனசாட்சிக்கே விடுகிறேன்.

சரி, தகராறு முற்றினால்? ஓனர்களின் பிரம்மாஸ்திரம் தண்ணி மோட்டார். காலை எட்டு மணிக்கு, சோப்பு போட்ட நேரமாகப் பார்த்து ஆஃப் செய்வார்கள்! சண்டை எதுவானாலும் தண்ணீர், கரன்ட், மாடிப்படி விளக்கு இவற்றில் கை வைக்கக் கூடாது. வைத்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. “சும்மா எட்டிப் பார்த்தேம்ப்பா” என்று மாற்றுச் சாவி போட்டு உள்ளே வருவதும் கூடாது. 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தகவல் தர வேண்டும்.

நங்கநல்லூர்க்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “அப்போ நாலு பேர் பேரையும் எழுதி, அவனவன் கொடுத்த அட்வான்ஸை எதிர்ல போட்டுட்டா நாளைக்கு என் தலை உருளாது, இல்லையா?”

“உருளாது சார்.”

“சரி. அதுலயே, ராத்திரி பத்து மணிக்கு மேல தம் பிரியாணி பண்ணக் கூடாதுன்னு ஒரு வரி சேர்க்கலாமா?”