நாய்க்கும் வருமா சிறுநீரகக் கல்? சோற்றுத் தட்டையும் கொஞ்சம் பாருங்க!

காலைத் தூக்கி நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வருகிறது, அல்லது வரவே இல்லை. சில நாய்களுக்கு ரத்தம் கலந்து வரும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பலரும் இதை 'வெயில் சூடு' என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால், அது சிறுநீர்ப்பையில் சேர்ந்த கல்லாகவும் இருக்கலாம்.

ஆண் நாய் என்றால் ஆபத்து அதிகம். அதன் சிறுநீர்க்குழாய் ஒரு சின்ன எலும்பை ஒட்டியே போகிறது. கல் அந்த இடத்தில் சிக்கினால் வழி மொத்தமும் அடைபடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். 'காலையில பார்த்துக்கலாம்' என்று விடக்கூடாத நோய் இது.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல

நாய்களிடம் அதிகம் காணப்படுவது இரண்டு வகை. முதலாவது ஸ்ட்ரூவைட். பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று வந்த நாய்களுக்கு, அதிலும் பெண் நாய்களுக்கு, இது உருவாகிறது. ஆன்டிபயாட்டிக்கோடு மருத்துவர் சொல்லும் பிரத்யேக உணவும் கொடுத்தால் இந்தக் கல் கரைந்துவிடும்.

இரண்டாவது கால்சியம் ஆக்சலேட். இதைக் கரைக்க உணவும் இல்லை, மருந்தும் இல்லை. வெளியே எடுத்தாக வேண்டும். இப்போது நம் ஊர் அபார்ட்மென்ட்களில் ஓடி விளையாடுகிறதே ஷிட்சு, லாசா ஆப்சோ, அந்தக் குட்டி ரக நாய்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். வாழைத்தண்டுச் சாற்றை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் நேரம்தான் வீணாகும்.

குடலில் ஒரு காவல்காரர்

கல் சிறுநீர்ப்பையில் என்றால், குடலை ஏன் பேச வேண்டும்? ஆக்சலேட்டின் ஒரு பகுதி உணவிலிருந்து குடல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. அதையே தின்று வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. செம்மறியாட்டின் வயிற்றில் கண்டுபிடிக்கப்பட்ட அதற்கு 1985-ல் 'ஆக்சலோபாக்டர் ஃபார்மிஜெனஸ்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981 முதல் விலங்குகளின் சிறுநீர்க் கற்களை ஆராய்ந்துவருகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சலேட் கல் வந்த நாய்களின் குடலில் இந்த பாக்டீரியா குறைவாகவும், ஆரோக்கியமான நாய்களிடம் கூடுதலாகவும் தெரிந்தது. அது இல்லாததால்தான் கல் வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், மெடிக்கலில் கேட்டு வாங்கி நாமாகவே கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் இப்படிப்பட்ட நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நார்ச்சத்து வருவது இங்கேதான். நாயால் செரிக்க முடியாத நாரைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து, குடல் சுவருக்குத் தெம்பு தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. நாம் வைக்கும் பாலிஷ் போட்ட அரிசிச் சோற்றிலும் பாலிலும் அந்த நார் அநேகமாக இல்லை. தவிடெல்லாம் மில்லிலேயே நின்றுவிடுகிறது!

அதற்காகக் கீரையை அள்ளி வைக்காதீர்கள். பசலைக்கீரையில் ஆக்சலேட் மிக அதிகம். சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் கணிசமாக உண்டு. வேகவைத்த பரங்கிக்காய் கொஞ்சம் போதும், உப்பும் வெங்காயமும் இல்லாமல். வெங்காயம் நாய்க்கு விஷம். குழம்புச் சோறு வைக்கும் வீடுகள் கவனிக்க வேண்டும்.

'எலும்பு தின்னுதான் கல் வந்துச்சு, கால்சியத்தை நிறுத்து' என்பார்கள். அடியோடு நிறுத்தினால் விஷயம் தலைகீழாகிவிடும். குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்புவதே கால்சியம்தான்.

இத்தனையிலும் முதல் மருந்து தண்ணீர். உணவிலேயே தண்ணீர் கலந்து தளர்வாக வையுங்கள். சிறுநீர் நீர்த்துப் போனால் கல் சேர்வது குறையும்.

அறிகுறி தெரிந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே போங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று பெரிய இடம் தேவைப்பட்டால், இரண்டு ஊர்களுக்கும் சென்னை வேப்பேரியைவிட, புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மிகவும் பக்கம். எடுத்த கல்லைத் தூக்கிப் போட்டுவிடாமல், எந்த வகை என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து என்ன சாப்பாடு என்பதை அந்த முடிவை வைத்துத்தான் மருத்துவர் சொல்வார்.