இனம் கேட்காத சட்டம்

1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். 44 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் பாதிப் பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். முஸ்லிம்களும் செர்பியர்களும் குரோவேசியர்களும் கலந்து வாழ்ந்த ஊர்களை ஒரே இனத்தின் ஊராக்குவதற்காகவே பலர் துரத்தப்பட்டார்கள். 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் ஒப்பந்தம் போரை நிறுத்தியது. அதற்குப் பிறகு அங்கே போர் மூளவில்லை. ஆனாலும் நிலைத்த அமைதி வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மக்களைத் தனித்தனிக் குடிமக்களாக நடத்திய இடங்களில் காயம் ஆறியது. இனத்தின் உறுப்பினர்களாக மட்டும் நடத்திய இடங்களில் அது ஆறாமலே இருக்கிறது.

முதலில் வீட்டுக் கதையைப் பார்ப்போம். போர்க்கால நிர்வாகங்கள், ஓடிப்போனவர்களின் வீடுகளைக் கைவிடப்பட்ட சொத்து என்று அறிவித்துத் தம் இனத்து அகதிகளைக் குடிவைத்தன. வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பு தந்தது. ஆனால் சில ஆண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது. 1999இல் விதி மாறியது. விண்ணப்பம் வந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும், விண்ணப்பித்தவர் எந்த இனம் என்று பார்க்கக் கூடாது என்றானது. அந்த நவம்பரில், முட்டுக்கட்டை போட்ட 22 அதிகாரிகளை, ஒப்பந்தம் நிறைவேறுவதை மேற்பார்வையிட்ட சர்வதேச உயர் பிரதிநிதி ஒரே நாளில் பதவிநீக்கம் செய்தார். சுமார் இரண்டு லட்சம் விண்ணப்பங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் சில ஆண்டுகளில் தீர்ந்தன. 2004க்குள் ஊர் திரும்பிய பத்து லட்சம் பேரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், தாம் சிறுபான்மையாக வாழ வேண்டிய இடங்களுக்கே போனார்கள்.

இனம் பார்க்காத விதி பலன் தரும் என்பதையே வண்டிகளின் நம்பர் பிளேட்டும் சொல்கிறது. போருக்குப் பின் பிளேட்டைப் பார்த்தாலே வண்டி எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அதனால் நாட்டுக்குள்ளேயே இன்னொரு இனத்தின் பகுதிக்குப் போக மக்கள் அஞ்சினார்கள். 1998இல் வந்த புதிய பிளேட்டில் ஊர்க் குறியீடு இல்லை. லத்தீன், சிரில்லிக் இரண்டு எழுத்துமுறைக்கும் பொதுவான எழுத்துகள் மட்டுமே இருந்தன. சாலையில் போகிறவரின் இனத்தை யாரும் ஊகிக்க முடியாமல் போனது.

அரசியலில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. மூன்று இனத்துக்கும் ஒவ்வொருவர் என்று மூவர் குடியரசுத் தலைமை வகிக்கிறார்கள். ரோமா சமூகத்தவரோ யூதரோ அதற்குப் போட்டியிட முடியாது. இது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தும் அரசமைப்பு திருத்தப்படவில்லை. சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் இரு இனக் குழந்தைகள் தனித்தனிப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள்.

இனங்களுக்குப் பங்கு கொடுக்காமல் போரை நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது என்பதே உண்மை. பெரும்பான்மையின் தயவில் வாழ்வதில் உள்ள அச்சம் நியாயமானது. அதற்குப் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் தேவை. ஆனால் போர்நிறுத்தத்துக்கு உதவிய ஏற்பாட்டை நிரந்தர அரசமைப்பாக்கியதுதான் பிழை. இன அச்சத்தைக் கிளறினால் ஓட்டு கிடைக்கும் என்றான பின், அச்சத்தைத் தணிக்க எந்தத் தலைவர் முன்வருவார்?

வீட்டை மீட்டவர்களில் பலர் அதை விற்றுவிட்டுப் போனார்களே, அப்படியானால் அந்தச் சட்டமும் தோற்றதுதானே என்பது இன்னொரு கேள்வி. துரத்தப்பட்டு இழப்பதும் தானாக முடிவெடுத்து விற்பதும் ஒன்றல்ல. இழந்த உரிமை கைக்கு வந்த பிறகே அந்த முடிவை எடுக்க முடிந்தது. இருந்தும் அவர்கள் தங்காததற்குக் காரணம் உண்டு: சாவி கிடைத்தது, வேலையும் பிள்ளைகளுக்குப் பொதுவான பள்ளியும் கிடைக்கவில்லை. அதே நாட்டின் பிர்ச்கோ மாவட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் பெரும்பாலான பாடங்களை ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அங்கே முடிந்தது மற்ற ஊர்களிலும் முடியும்.

அகதிகளை ஊருக்கு அனுப்பிய எண்ணிக்கையைக் காட்டி எந்த அரசும் அமைதி வந்துவிட்டது என்று கணக்கு முடித்துவிடக் கூடாது. திரும்பி வந்தவர் தன் இனத்துத் தலைவரின் சிபாரிசு இல்லாமல் வேலையும் நீதியும் பெற முடிகிறதா என்பதுதான் அமைதிக்கு அளவுகோல்.